நெல்லுக்குள் ஊறும் சாராயம்

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலில் கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் ஒன்று உண்டு. முஸ்தாபி சூரணம் என்பார்கள். பன்றிக்குக் கோரைக்கிழங்கு என்றால் உயிர். வெள்ளத்தில் அமிழ்ந்த பூமியை மீட்டுக்கொண்டு வந்த வராகப் பெருமாளுக்கும் அதையே படைக்கிறார்கள். வயலில் அதே கோரையைப் பார்க்கும் விவசாயிக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வரும். பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்து சில நாளில் மறுபடி தலைகாட்டும். தண்ணீரைக் கட்டி மூழ்கடித்துப் பார்க்கலாம் என்றால், பல வயல்களில் அதற்கும் அசையாது.

இந்தப் பிடிவாதத்தைப் பிலிப்பைன்ஸில் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். கோரையில் மேட்டு நிலத்துக்குப் பழகியது ஒரு வகை, நீர் நிற்கும் நெல்வயலுக்குப் பழகியது இன்னொரு வகை. தாழ்நிலத்து வகையின் கிழங்கு பருத்தது; அதில் சேர்த்துவைத்த மாவும் சர்க்கரையும் அதிகம். சேமிப்பு இருக்கிறது, சரி. காற்றே புகாத சேற்றுக்குள் கிடந்துகொண்டு அதை எப்படிச் செலவழிக்கிறது?

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிழக்கே சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கம் வருஷா வருஷம் எழும் கேள்வி இது. வெள்ளாறு ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவில் வீராணம். மழை ஒரேயடியாகக் கொட்டினால் மேட்டுத் தண்ணீர் இறங்கும், வடிகால் கொள்ளாது, சம்பாப் பயிர் நுனி தெரியாமல் முழுகிவிடும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் பட்டபாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முழுகிய பயிருக்குத் தண்ணீர் நேரடி எதிரி இல்லை. நெல் தண்ணீரில் நிற்கப் பிறந்ததுதான். சிக்கல் ஆக்சிஜன். அது காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீருக்குள் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செம்மண் கலங்கிய வெள்ளமாக இருந்தால் வெளிச்சமும் உள்ளே இறங்காது. தெளிந்த நீரில் இலை பகலில் ஒளிச்சேர்க்கை செய்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் கொஞ்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். கலங்கல் நீரில் அந்த வழியும் அடைபடுகிறது.

அப்போது செடி சாராயம் ஊறவைக்க ஆரம்பிக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கள்ளுப்பானையில் ஈஸ்ட் செய்யும் அதே வேலையை, அதே வகை நொதியை வைத்து, நெல்லின் வேரும் முளையும் கோரையின் கிழங்கும் செய்கின்றன. அந்த நொதியின் பெயர் பைருவேட் டிகார்பாக்சிலேஸ்.

அது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் மலைபோல் குவிந்து கிடக்கும், எடைபோட ஆள் இருப்பார், லாரியும் நிற்கும். சாக்கு வரவில்லை என்று வேலை நின்றுபோகும். செல்லுக்குள் அந்தச் சாக்கு, என்.ஏ.டி. என்ற மூலக்கூறு. குளுக்கோஸை உடைக்கும்போது கழலும் எலக்ட்ரான்களை அதில் நிரப்பினால்தான் அடுத்த மூலக்கூறை உடைக்க முடியும். ஆக்சிஜன் இருக்கும்போது நிரம்பிய சாக்கை மைட்டோகாண்டிரியா வாங்கிக் கொட்டிவிட்டு வெறுஞ்சாக்காகத் திருப்பித் தந்துவிடும். ஆக்சிஜன் நின்றதும் மைட்டோகாண்டிரியா வாங்க மறுக்கிறது. செல்லில் இருக்கும் சாக்கு கொஞ்சம்தான். அதெல்லாம் நிரம்பிவிட்டால், சர்க்கரை எவ்வளவு இருந்தும் செல் பட்டினி.

வேறு எங்காவது கொட்ட இடம் வேண்டும். குளுக்கோஸை உடைத்தால் கடைசியில் கிடைப்பது மூன்று கார்பன் கொண்ட பைருவேட். அதிலிருந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக வெட்டி எறிகிறது நம் நொதி. மிஞ்சுவது அசிட்டால்டிஹைடு. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதி, நிரம்பிய சாக்குகளை அசிட்டால்டிஹைடின் மேல் கொட்டுகிறது. அது எத்தனாலாக மாறி வெளியேறுகிறது. சாக்கு காலியாகித் திரும்புகிறது. இரண்டாவது நொதியின் வேலை முன்னும் பின்னும் நடக்கக்கூடியது. முதல் நொதியின் வெட்டு அப்படியல்ல. வாயு பறந்தபின் திரும்பி வர வழியில்லை. நொதித்தலின் வாசலில் நிற்பது இதுதான் என்று உயிர்வேதியியலார் சொல்வதற்குக் காரணம் அது.

ஆக, எத்தனால் என்பது செல்லுக்குக் குப்பை. மனிதன்தான் அந்தக் குப்பைக்கு விலை வைத்தான்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஈஸ்டில் இந்த நொதி இருப்பதை 1911-ல் கண்டறிந்தவர் பெர்லினில் பணியாற்றிய கார்ல் நியூபெர்க். ஈஸ்டைப் பிழிந்தெடுத்த, உயிரே இல்லாத சாறும் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் என்று 1897-ல் எடுவார்ட் புக்னர் காட்டி, அதற்காக 1907-ல் நோபல் பரிசும் வாங்கியிருந்தார். அந்தச் சாற்றுக்குள் என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் வேலை நியூபெர்க்குடையது. பிறகு அவர் ஒரு குறும்பு செய்தார். ஈஸ்ட் ஊறும் கரைசலில் சல்ஃபைட் உப்பைப் போட்டார். அது அசிட்டால்டிஹைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டுகிற இடம் பறிபோன ஈஸ்ட் என்ன செய்தது? எலக்ட்ரான்களை வேறொரு இடைப்பொருளின் மேல் கொட்டிக் கிளிசரின் தயாரித்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்து செய்யக் கிளிசரின் தட்டுப்பாடு. சர்க்கரையிலிருந்து டன் டன்னாக அதை எடுத்தது இந்த வழியில்தான். ஈஸ்டுக்குச் சாராயமும் ஒன்று, கிளிசரினும் ஒன்று. சாக்கு காலியாக வேண்டும், அவ்வளவே. யூதரான நியூபெர்க்கை நாஜி ஆட்சி பின்னாளில் பதவியிலிருந்து இறக்கியது. 1956-ல் நியூயார்க்கில் இறந்தார்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கரியமில வாயு. சர்க்கரையின் எடையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் பறந்துவிடுகிறது. கள்ளில் பொங்கும் நுரையில் பெரும்பகுதி இந்த நொதி வெட்டிப்போட்ட வாயுதான். பதநீர்ப் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்களே, அது நுண்ணுயிர்களைத் தலையெடுக்கவிடாமல் செய்யும் காரம். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறக்கும்போதே பாதி கள்ளாகியிருக்கும். இட்லி மாவின் பொங்கலை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே பெரும்பகுதி லியூகோனாஸ்டாக் என்ற லாக்டிக் பாக்டீரியாவின் கைவரிசை. அது வாயுவை வெளிவிடும் வழியே வேறு.

பாக்டீரியாக்களில் இந்த நொதி அபூர்வம். விதிவிலக்காக இருப்பதில் பேர்போனது சைமோமோனாஸ் மொபிலிஸ். பனை, தென்னங்கள்ளில் வாழ்வது. ஈஸ்ட் ஒரு குளுக்கோஸுக்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு 2 எடுக்கிறது என்றால், இது வேறொரு வழியில் உடைப்பதால் 1 ஏ.டி.பி.தான் எடுக்கும். அதை ஈடுகட்ட அசுர வேகத்தில் சர்க்கரையைத் தின்று தள்ளும். அதன் செல்லுக்குள் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் புரதங்களில் ஒன்று நம் நொதி. 1980-களில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்கிராம், இந்தக் கள்ளுப் பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை எடுத்து நம் குடலில் வாழும் ஈ. கோலைக்குள் வைத்தார். அதுவரை எத்தனாலைப் பிரதானமாக விடாத பாக்டீரியா எத்தனாலை ஊற்ற ஆரம்பித்தது. வைக்கோல், சக்கை இவற்றில் உள்ள, சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரைகளையும் அது தின்னும். 1991-ல் இதற்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 50,00,000. காப்புரிமை அலுவலகம் அந்த எண்ணுக்கு ஏற்ற சரக்காகப் பார்த்துக் கொடுத்தது போலத்தான் தோன்றுகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இன்றைய இந்தியாவில் இந்த நொதி வேலை செய்யாத நாளே இல்லை. நெல்லிக்குப்பம் போல 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கரும்பு ஆட்டும் ஊரைக் கொண்ட மாவட்டத்துக்கு மொலாசஸின் மணம் புதிதில்லை.

இனி, எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம். இந்த நொதி தனியாக வேலை செய்யாது. மக்னீசியமும், தயாமின் என்கிற பி1 வைட்டமினிலிருந்து வரும் ஒரு துணைப்பொருளும் வேண்டும். அந்தத் துணைப்பொருளை ஈஸ்டிலிருந்து 1937-ல் பிரித்தெடுத்தபோது, பெரிபெரி நோயைத் தடுக்கும் வைட்டமினும் ஈஸ்டின் நொதிக்குத் தேவையான பொருளும் ஒரே ஆள் என்று தெரியவந்தது. பைருவேட்டைப் பற்றிப் பிடித்துக் கார்பனைக் கழற்றும் நுனியே தயாமினின் வளையத்தில் உள்ள ஒரு கார்பன்தான். புரதம் அதைச் சரியான கோணத்தில் தாங்கிப் பிடிக்கிறது.

பெரிபெரியின் வரலாறு அரிசியின் வரலாறு. தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயாமினும் போய்விடுகிறது. சென்னை மாகாணத்தில் பச்சரிசி தின்ற வடக்குக் கடலோர மாவட்டங்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், பெரிபெரி கண்டது; புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். தயாமினைச் செயற்கையாக உருவாக்கும் வழியை 1936-ல் கண்டவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். பிறந்த ஊர் நெல்லூர். அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணம்தான். ஈஸ்ட் சாராயம் ஊறவைக்கத் தேவையான இதே வைட்டமினைத்தான் மிதமிஞ்சிக் குடிக்கும் மனிதன் தன் உடம்பில் சேரவிடாமல் கெடுத்துக்கொள்கிறான். குடியால் வரும் சில மூளை, நரம்புக் கோளாறுகளுக்கு மருத்துவர் முதலில் தயாமின் ஊசி போடுவது இதனால்.

மனித உடம்பில் இந்த நொதி இல்லை. மூச்சிரைக்க ஓடினால் நம் தசை பைருவேட்டை வெட்டாமல் அப்படியே அதன் மேல் எலக்ட்ரான்களைக் கொட்டி லாக்டிக் அமிலமாக்கும். அமிலம் தேங்கும். முதுகெலும்பிகளில் தங்கமீன், அதன் உறவான குரூசியன் கெண்டை போன்ற மிகச் சில மட்டும் தந்திரமானவை. ஐரோப்பாவின் வடக்கே மேல்மட்டம் பனிக்கட்டியாக உறைந்த குளங்களில், ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் இந்தக் கெண்டை உயிரோடு கிடக்கும். லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே தண்ணீரில் கரைத்துவிடுகிறது. மைட்டோகாண்டிரியாவில் வேலை செய்யும் வேறொரு நொதியின் மரபணு இரட்டித்து, அதில் ஒரு பிரதி இந்த வேலைக்குத் திரும்பிவிட்டது என்று நார்வே, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். அந்த மீனின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கும் மேல் ஆல்கஹால் இருக்கும். வண்டி ஓட்டுபவருக்கு இந்தியச் சட்டம் அனுமதிப்பது 30.

நெல்லுக்கு வருவோம். முழுகிய முதல் சற்று நேரத்துக்குச் செடியும் நம்மைப் போல் லாக்டிக் அமிலத்தைத்தான் தயாரிக்கிறது. அமிலம் சேர்ந்து செல்சாற்றின் புளிப்பு ஏறினால் செல் செத்துவிடும். ஆனால் நம் நொதி லேசான புளிப்பில்தான் நன்றாக ஓடும். லாக்டிக் அமிலத்தைச் செய்யும் நொதிக்கு அதே புளிப்பு ஆகாது. புளிப்பு ஏற ஏற ஒன்று அடங்குகிறது, மற்றது எழுகிறது. எத்தனால் அமிலமில்லை, அதனால் புளிப்பும் மேலே ஏறாமல் நிற்கிறது. டேவிஸ் என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1974-ல் சொன்ன விளக்கம் இது. எல்லாப் பயிருக்கும் அச்சு மாறாமல் பொருந்துவதில்லை என்றாலும், அழகான விளக்கம்.

அப்படியானால் இந்த நொதியை நெல்லில் கூட்டினால் பயிர் பிழைத்துவிடுமா? மரபணுவை மாற்றிச் செய்தே பார்த்தார்கள், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். எத்தனால் கூடியது, பிழைப்பதில் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. யோசித்தால் காரணம் தெரியும். ஆக்சிஜனோடு எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி.; நொதித்தலில் 2. அதே உயிரைத் தாங்க ஏறத்தாழ பதினைந்து மடங்கு சர்க்கரையைக் கரைக்க வேண்டும். சேமிப்பு இருக்கும்வரைதான் ஆட்டம். நொதி இருந்தால் மட்டும் போதாது, செலவைக் கட்டுப்படுத்தவும் தெரிய வேண்டும்.

அந்தச் சிக்கனம் ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றில் இருந்தது. எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். சாதாரண நெல் முழுகியதும் நுனியை நீருக்கு மேலே நீட்டிவிடத் துடித்து, உள்ள சர்க்கரையையெல்லாம் போட்டு வளரும். வெள்ளம் வடிவதற்குள் காலியாகி, நீர் இறங்கியதும் மெலிந்த தாள் மடங்கிப் படுத்துவிடும். எஃப்.ஆர். 13ஏ வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். இரண்டு வாரம்போல் தாங்கும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை டேவிட் மெக்கில், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரெஸ் முதலானோர் 2006-ல் அடையாளம் கண்டார்கள். இந்த மரபணு உள்ள நெல்லில் சர்க்கரை செலவாகும் வேகம் குறைகிறது. அதேசமயம் பைருவேட் டிகார்பாக்சிலேஸும் அதன் கூட்டாளியும் அதிகமாகவே தயாராகின்றன. அந்த மரபணுவைச் சொர்ணா ரகத்தில் சேர்த்த சொர்ணா சப்1 இந்தியாவில் 2009-ல் வெளிவந்தது. நம் டெல்டாக்காரர்களுக்குப் பழக்கமான நீண்டகால ரகம் சி.ஆர். 1009. அதில் சேர்த்த சி.ஆர். 1009 சப்1 இப்போது சம்பாப் பட்டத்தில் பலருடைய வயலில் நிற்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகும் கண்டம் முடிவதில்லை. முழுகியிருந்தபோது பச்சையாகத் தெரிந்த பயிர், வடிந்த இரண்டு மூன்று நாளில் வெளுத்துச் சாவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ‘தண்ணியில நல்லாத்தானே இருந்துச்சு’ என்பார்கள். திடீரென்று ஆக்சிஜன் பாயும்போது, திசுவில் தேங்கிய எத்தனாலில் ஒரு பகுதி திரும்ப அசிட்டால்டிஹைடாகிறது. அது எத்தனாலைவிடக் கொடிய நஞ்சு. கூடவே, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகளும் கிளம்புகின்றன. சப்1ஏ இந்தக் கட்டத்திலும் ஓரளவு காக்கிறது. வடிந்தவுடனே அவசரப்பட்டு யூரியாவை அள்ளி வீசாமல், புதிய இலை வருகிறதா என்று பார்த்துவிட்டு, இலைவழியாகத் துத்தநாக சல்பேட்டும் சிறிது யூரியாவும் தெளிக்கச் சொல்கிறார்களே, தளர்ந்த பயிருக்கு அது நியாயமான வைத்தியம்.

சிக்கனமே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. நட்ட பயிருக்குச் சரி. விதைக்கு அது எமன். நேரடி விதைப்பு செய்து இரண்டாம் நாளே மழை கொட்டி வயல் குளமானால், விதை தூங்கினால் அழுகிவிடும். அங்கே அள்ளிச் செலவழிக்க வேண்டும். அப்படி முழுகிய விதையை ஒருமுறை சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேரே இருக்காது. வெள்ளையாக, ஊசியாக, உள்ளே வெற்றாக ஒரு குழல் மட்டும் மேலே நீண்டிருக்கும். முளையுறை அது. வேரையும் இலையையும் ஒத்திவைத்துவிட்டு, கையிலுள்ள எல்லாவற்றையும் போட்டு நீர்மட்டத்தைத் தொட முயல்கிறது. நுனி காற்றைத் தொட்டதும் அந்தக் குழல் வழியே ஆக்சிஜன் கீழே இறங்கும். பிறகே வேர் விடும். கோதுமைக்கும் பார்லிக்கும் இது முடியாது. அவற்றிடமும் நொதிக்கும் நொதிகள் உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது மாவை உடைத்துச் சர்க்கரையாக்கத்தான் தெரியாது. நாற்றங்காலுக்கு ஊறவைத்து மூட்டை கட்டிய விதையை ஒரு வேளை தாமதித்துப் பிரித்தால், உள்ளே சூடும் லேசான புளித்த நெடியும் முகத்தில் அடிக்குமே, மூட்டையின் நடுவில் காற்று எட்டாத விதைகளும் நுண்ணுயிர்களும் நொதித்தலில் இறங்கிவிட்டதன் நெடி அது.

மியான்மரின் ஒரு பழைய ரகத்திலிருந்து, விதையின் மாவை முளைக்குத் தாராளமாகத் திறந்துவிடும் மரபணு ஒன்றை 2015-ல் கண்டெடுத்தார்கள். அதையும் சப்1-ஐயும் ஒரே நெல்லில் சேர்த்த வரிசைகளை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். விதையாக இருக்கும் முதல் சில நாள் ஊதாரி, நாற்றானபின் கஞ்சன். இரண்டு குணமும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே செடியில் குடியிருக்குமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. இருக்கும் என்றே அந்தச் சோதனைகள் சொல்கின்றன. சி.ஆர். 1009 போன்ற நம் ரகங்களில் இரண்டும் சேர்ந்து வந்தால், ஐப்பசி மழையைப் பார்த்துப் பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடும் வெள்ளாற்றங்கரைக்காரர் கொஞ்சம் துணிந்து விதைக்கலாம்.